ஈஜோக் வட்டாரத் தோட்டங்களின் ஆரோக்கிய சரித்திரம்

சுங்கை பூலோவிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போகும் பழைய சாலையில், சிறு குன்றுகள் ஓய்ந்து கரையோரச் சதுப்புச் சமவெளி தொடங்கும் இடத்தில் அமைந்துள்ள ஈஜோக் என்னும் சிற்றூரின் பெயரை, 2007 ஏப்ரலில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போது மலேசிய நாடே உச்சரித்தது. தேர்தல் முடிந்ததும் பத்திரிகைகள் அதை மறந்தன. ஆயினும், துவான் மீ, கோல்பீல்ட்ஸ், புக்கிட் ரோத்தான், தென்னமாரம் என்று ஒன்றையடுத்து ஒன்றாக விரிந்து கிடந்த தோட்டங்களில் நான்கு தலைமுறைகளாகப் பிறந்து, உழைத்து, நோயுற்று, மாண்டு, மண்ணோடு மண்ணான தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வட்டாரம் எந்நாளும் மறக்கக்கூடியதன்று. அவர்களுடைய கோயில்களைப் பற்றியும் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் தொழிற்சங்கங்களைப் பற்றியும் எழுதியவர்கள் உண்டு. அவர்களுடைய தேகத்தின் சரித்திரத்தையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அதற்கு ஒரு விசேஷமான காரணமும் உண்டு. வேலை செய்யும் இடத்திலேயே நோயைத் தடுக்க வேண்டும் என்றும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் போன்று மெல்ல வந்து நிரந்தரமாகத் தங்கிவிடும் வியாதிகளுக்கு ஆஸ்பத்திரியைக் காட்டிலும் தொழிலிடமே முதல் அரண் என்றும் இக்கால வைத்திய நிபுணர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். இதைப் புதிய கருத்தென்று கருதுவோர் ஈஜோக் வட்டாரத்தின் லயங்கள் என்னும் பழைய வரிசை வீடுகளைப் பார்க்க வேண்டும். தொழிலாளி பால் வெட்டிய காடும், படுத்துறங்கிய லயமும், குடித்த தண்ணீரும், உண்ட அரிசியும், பிள்ளையை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகையும், மாலையில் போய் நின்ற கள்ளுக்கடையும் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்த அந்த வாழ்க்கையில், மனிதனுக்கு நோய் வருவதும் வராமலிருப்பதும் பெரும்பாலும் அந்த நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. அந்தக் கை எப்போது காத்தது, எப்போது கைவிட்டது என்று கேட்டுக்கொண்டே போனால் நூறாண்டுச் சரித்திரம் ஒழுங்காக விரிந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோதுதான் கோல சிலாங்கூர் ஜில்லாவின் காடுகள் பெருவாரியாக வெட்டப்பட்டன. ஆங்கிலக் கம்பெனிகளோடு பிரெஞ்சுக்காரர்களும் வந்தார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங் தோட்டத்தைத் திறந்த ஹென்றி ஃபோக்கோனியே என்பவர், மலாயையும் தமிழையும் கற்றுக்கொண்டு, பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் அவர் நட்ட செம்பனையே மலாயாவில் வியாபாரத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டமாயிற்று. இவ்வளவு பெரிய காரியங்களுக்கும் வேண்டியிருந்த கைகளைக் கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து திரட்டி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றி அழைத்து வந்தார்கள். பஞ்சத்திலும் கடனிலும் ஏற்கெனவே நலிந்திருந்த அந்தத் தேகங்கள், புதிதாக வெட்டப்பட்ட காட்டின் ஈரத்தில் வந்து விழுந்தபோது, முதலில் அவற்றை எதிர்கொண்டது மலேரியா என்னும் குளிர்காய்ச்சல்.

மலேரியாவைப் பரப்புவது கொசுவென்று 1897-இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்த நான்காண்டுகளுக்குள், 1901-இல், கிள்ளானுக்கு ஜில்லா வைத்தியராக வந்து சேர்ந்தார் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். கிள்ளான் நகரத்திலும் அப்போதுதான் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் ஜனங்கள் காய்ச்சலில் மடிவதைக் கண்ட அவர், கொயினா மருந்தை மட்டும் நம்பியிராமல், சதுப்பை வடித்துக் காட்டை அப்புறப்படுத்தி நோயின் ஊற்றையே அடைக்க முயன்று வெற்றி கண்டார். பின்னர்ச் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுத் தோட்டங்களுக்கே வைத்தியராகி, தோட்டம் தோட்டமாகச் சென்று பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வீங்கிய மண்ணீரல்களைக் கணக்கிட்டு, எந்த லயத்தில் எத்தனை பேர், அந்த லயத்துக்கு எவ்வளவு தூரத்தில் காடு என்று குறித்து வைத்தார். 1911-இல் வெளிவந்த அவருடைய நூல் அந்தக் குறிப்புகளின் மேல் எழுந்தது.

அவர் கண்ட உண்மையில் ஈஜோக் வாசிகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் இருக்கிறது. கரையோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு காட்டு நிழலிலே கறுத்துத் தேங்கிய நீரில் பெருகுவது. ஆகவே காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டியதும் அது ஒழிந்தது. குன்றுப் பாங்கான நிலத்திலோ வேறொரு கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. அங்கே காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால் காய்ச்சல் குறைவதற்குப் பதிலாகப் பெருகிற்று. ஒரே கிருஷி முறை ஓரிடத்தில் உயிரைக் காத்து, சில மைல்களுக்கு அப்பால் உயிரை வாங்கியது. சமவெளியும் குன்றும் கைகோத்து நிற்கும் ஈஜோக் போன்ற நிலத்தில், ஒரே கம்பெனியின் இரண்டு டிவிஷன்களுக்கே இரண்டு வகையான வைத்தியம் தேவைப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இடத்தை அறியாமல் நோயைத் தடுக்க முடியாது என்ற பாடத்தை உலகத்துக்குப் போதித்தவை இத்தகைய தோட்டங்களே. குன்று நிலங்களில் ஓடைகளை மண்ணுக்கடியிலே குழாய் பதித்து மறைப்பதும், வாய்க்கால்களில் வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பதும் தோட்ட வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் பெயர் கூப்பிடும்போதே கொயினாவும் கொடுத்து, விழுங்கினார்களா என்று பார்த்துத்தான் வெளிக்காட்டுக்கு அனுப்புவதும் வழக்கமாயிற்று. தொழிலிடத்தில் நோய்த் தடுப்பு என்பது எங்கள் முன்னோர்களின் நாவில் இப்படிக் கசப்பாகவே அறிமுகமாயிற்று.

இந்த அக்கறை தானாக வந்ததா என்ற கேள்வியை வாசகர்கள் கேட்கத்தான் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. 1911, 1912 ஆண்டுகளில் கூட்டு மலாய் மாநிலங்களில் தோட்டத் தொழிலாளரின் ஆரோக்கியத்தைப் பற்றிய சட்டங்கள் பிறந்தன. ஆஸ்பத்திரி வைக்க வேண்டும், குடிநீர் சுத்தமாக இருக்க வேண்டும், சாவுக் கணக்கைச் சர்க்காருக்கு ஒப்புவிக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. சாவு மிகுந்த தோட்டமென்று பெயரெடுத்தால் கங்காணிக்கு ஆள் கட்ட உத்தரவு கிடைப்பது சங்கடமாகும். ஒரு தொழிலாளியைக் கடல் கடத்திக் கொண்டுவர ஆகும் செலவும், அவன் காய்ச்சலில் படுத்த நாட்களில் வெட்டாமல் விடப்பட்ட மரங்களின் நஷ்டமும் கம்பெனியின் பேரேட்டில் தெளிவாகத் தெரிந்தன. தர்ம சிந்தனையுள்ள துரைகளும் வைத்தியர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. வாட்சன் அவர்களுள் தலையாயவர். ஆனால் அவருடைய யோசனைகளுக்குப் பணம் ஒதுக்கியவர்களை அசைத்தவை சட்டமும் கணக்குமேயாகும். பிற்காலத்தில் நடந்தவற்றை அறிய இது ஒரு திறவுகோல்.

மலேரியாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது பெரிபெரி. இது கிருமியால் வருவதன்று. உணவில் உள்ள குறையால் மாதக்கணக்கில் மெல்லத் திரண்டு, காலை மரக்கச் செய்து, இருதயத்தை வீங்கச் செய்து கொல்லும் வியாதி. ஆகவே இக்காலத்து நீடித்த நோய்களுக்கு இதை மூத்த உறவென்று சொல்லலாம். மலாயாவில் சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் வாரிச் சென்ற இந்நோய், பக்கத்திலேயே உழைத்த தமிழர்களை ஏறக்குறைய தொடாமல் விட்டது ஏன் என்று நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் யோசித்தார். தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. 1907-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த வேற்றுமையே பிரதானமான சாட்சியாக நின்றது. அதற்கு முன்பே கோலாலம்பூர்ப் பைத்தியசாலையில் பிளெச்சர் என்பவர், நோயாளிகளில் ஒரு பகுதியாருக்குப் புழுங்கலரிசியும் மற்றொரு பகுதியாருக்கு வெள்ளையரிசியும் கொடுத்துப் பார்த்திருந்தார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், காட்டுக்குள்ளே சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, அரிசியை மாற்றி மாற்றி அளந்து, நோய் அரிசியைப் பின்தொடர்ந்தே போகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார்கள்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. அந்தச் சத்தை வைட்டமின் என்று பிரித்தெடுத்தது 1926-இல், அதுவும் ஜாவாவில். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நெல் அவித்த பெண்களுக்கு இந்த ரசாயனம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்களுடைய வழக்கம் கப்பலேறி வந்து, கோல சிலாங்கூர் லயங்களின் அடுப்புகளிலும் எரிந்து, எத்தனையோ ஆயிரம் இருதயங்களைக் காத்தது. நம் ஜனங்களின் அறிவுக்கு மலாயா மருத்துவ சரித்திரத்தில் கிடைத்த இந்தக் கௌரவத்தை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்தப் புழுங்கலரிசியைப் பல வீடுகள் பின்னாளில் கைவிட்டு, கடையில் வெள்ளை வெளேரென்று மின்னும் அரிசிக்கு மாறின. அது வயிற்றில் விரைந்து சர்க்கரையாக மாறுவது என்பதை நினைக்கும்போது அந்த வருத்தம் இரட்டிப்பாகிறது.

கொக்கிப்புழுவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் அனுப்பிய நிபுணர் குழுவொன்று, டார்லிங் என்பவரின் தலைமையில் மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் பீஜித் தீவுக்கும் வந்து தொழிலாளர்களின் இரத்தச் சோகையை ஆராய்ந்தது. கக்கூஸ் இல்லாத லயங்களைச் சுற்றியிருந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துக்கொண்டு நுழையும் அந்தப் புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தை உறிஞ்சியது. காய்ச்சல் வந்தவன் பெரட்டுக்கு வராமல் நின்றதால் கணக்கில் ஏறினான்; சோகை பிடித்தவன் தள்ளாடிக்கொண்டே மரத்துக்கு மரம் போய் வந்ததால் அவனைச் சோம்பேறி என்று ஏசினார்கள். மெல்லக் கொல்லும் நோய்க்கும் விரைந்து கொல்லும் நோய்க்கும் நிர்வாகம் காட்டிய வேற்றுமை அன்றே தொடங்கிவிட்டது.

அந்தச் சோகையை அதிகம் சுமந்தவர்கள் பெண்கள். வெளுத்த முகத்தோடு பால் வெட்டி, களை பிடுங்கி, கருவுற்றுப் பெற்ற பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன. பிற்காலத்தில், பூனாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் 1990-களிலிருந்து ஆராய்ந்த டாக்டர் யாஜ்னிக், போஷாக்குக் குறைந்த இந்தியத் தாய்மார்களின் குழந்தைகள் மெலிந்து பிறந்தாலும் தேகத்தில் கொழுப்பின் விகிதம் மிகுந்தே பிறக்கின்றன என்றும், அவர்களுக்கு வளர்ந்தபின் நீரிழிவு எளிதில் வரக்கூடும் என்றும் காட்டியிருக்கிறார். அப்படியானால், 1920-களில் லயத்தில் பட்டினி கிடந்த பாட்டியின் துன்பம் இன்று பேரனின் இரத்தச் சர்க்கரையில் ஒரு பங்கு வகிக்கிறது என்று நினைப்பது மிகையாகாது.

கள்ளுக்கடையைக் குறிப்பிடாமல் தோட்ட ஆரோக்கியத்தைப் பேச முடியாது. உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது; அதன் லாபம் தொழிலாளரின் நலத்துக்கே செலவாகும் என்று சொல்லப்பட்டது. சம்பளத்தில் ஒரு பகுதி அங்கே திரும்பிச் சென்றது. அந்தச் சம்பளமும் நிலைக்கவில்லை; ரப்பர் விலை வீழ்ந்த 1930-களின் தொடக்கத்தில் கூலி குறைக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-ஆம் ஆண்டின் கடைசியில் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாகப் பழைய கூலியை மீட்டுத்தர வேண்டும் என்று தமது அறிக்கையில் கேட்டுக்கொண்டார். அதற்குமேல் அவர் நிர்வாகத்தைக் கடிந்து பேசவில்லையென்று அன்றைய தேசியவாதிகள் குறைபட்டுக்கொண்டார்கள். அவர்கள் குறை நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

சாஸ்திரியார் வலியுறுத்திச் சொல்லாததைத் தொழிலாளர்களே சொன்னார்கள். 1941-இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலை நிறுத்தத்தில், அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனும் அவருடைய தோழர்களும் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பார்ப்பவர்கள் வியப்படையாமல் இருக்க முடியாது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலியும், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய இழிவிலிருந்து விடுதலையும் கேட்டவர்கள், அதே மூச்சில், ஒழுங்கான வைத்திய வசதி வேண்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். குடி, ஓய்வின்மை, வைத்தியமின்மை என்று இன்றைய நிபுணர்கள் நீடித்த நோய்களின் காரணங்களை வரிசைப்படுத்தும் பட்டியலில் பாதி அந்தக் கோரிக்கையில் அடங்கியிருக்கிறது. எழுத்து வாசனை குறைந்தவர்களென்று இகழப்பட்ட மனிதர்கள், தங்கள் தேகத்துக்கு எது கேடு என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். நாதனைச் சிறைப்படுத்தினார்கள், படையை வரவழைத்தார்கள், துப்பாக்கிக்குத் தொழிலாளர் சிலர் பலியானார்கள்.

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, கொயினா அகப்படவில்லை, சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. நாற்பதாண்டுக் காலம் பாடுபட்டு அடக்கிய காய்ச்சல், கவனிப்பார் இல்லாத மூன்றரை ஆண்டுகளில் மீண்டும் தலைதூக்கியது.

யுத்தத்துக்குப் பின்னர் நிலைமை படிப்படியாகச் சீரடைந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது, பி. பி. நாராயணன் அதன் தலைமையில் நெடுங்காலம் உழைத்தார். 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும், அதற்குப் பதிலாக 1990-இல் வந்த சட்டமும் வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, வைத்தியம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கின. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரசரை, பிறகு எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட்) என்று அழைக்கப்பட்டவரை, அக்காலத்து ஜனங்கள் டாக்டர் என்றே கும்பிட்டார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் பிரசவத்துக்கு ஆளனுப்புவதும் அவருடைய வேலை. எந்த வீட்டில் யார் மூன்று நாளாக இருமுகிறார் என்பதும் எந்தப் பிள்ளைக்கு அம்மை குத்தவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு சமூகத்தின் ஆரோக்கியத்தை வாசற்படியில் நின்றே அறிந்த அந்த உத்தியோகத்தின் அருமை, அது மறைந்த பிறகே விளங்கியது. ஆனாலும் அந்த மருந்தகத்தில் ஆரோக்கியமாகத் தோன்றிய நாற்பது வயதுக்காரரின் இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கும் வழக்கம் இருந்ததில்லை. மெல்ல வரும் நோயை யாரும் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்க்காததற்கு ஒரு நியாயமும் உண்டு. பால் வெட்டுபவர் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து, பின்னர் அதே மரங்களை மறுபடியும் சுற்றிப் பால் எடுத்து, வாளியைத் தோளில் தூக்கி ஸ்டோருக்குச் சுமந்தார். கெட்டிப் பாலும் சீனியும் நிறையக் கலந்த தேநீரும், வயிறு நிறையச் சோறும், உப்புக் கருவாடும் அந்த நடையில் எரிந்துபோயின. உடலுழைப்பின் இந்தக் காவலை முதன்முதலாக விஞ்ஞான முறையில் நிரூபித்தவர் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்பவர். லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் 30,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1953-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: நாள் முழுவதும் உட்கார்ந்து மாடி பஸ்ஸை ஓட்டும் டிரைவர்களைவிட, அதே பஸ்ஸில் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு. ஒரே முதலாளி, ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே சம்பளம். பெரிய வேற்றுமை வேலையின் தன்மையே.

மாரிஸ் ஒரே பஸ்ஸுக்குள் கண்ட வேற்றுமையை ஈஜோக் வட்டாரத்தில் ஒரே குடும்பத்துக்குள் காணலாம். ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தோட்டங்களே நகர்களாக மாறத் தொடங்கின. கோல்பீல்ட்ஸ் தோட்ட நிலத்தில் பண்டார் ஸ்ரீ கோல்பீல்ட்ஸ் எழுந்தது. பக்கத்தில் புஞ்சாக் ஆலாம் பெருகியது. 2011-இல் ஈஜோக்கையும் டெம்ப்ளர் பூங்காவையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பால் வெட்டியவரின் மகன் பாதுகாவலராக இரவு பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அல்லது லாரி ஓட்டுகிறார். மகள் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறி ஒரே இடத்தில் நிற்கிறார். நடை நின்றுவிட்டது, கெட்டிப் பால் தேநீரும் வெள்ளைச் சோறும் நிற்கவில்லை. தேகத்தின் காவலாயிருந்த உழைப்பு நீங்கிவிட, அந்த உழைப்புக்கென்று அமைந்த உணவு மட்டும் தங்கிவிட்டது.

தோட்டத்திலேயே இருந்தவர்களுக்கு வேறு வகையான மெல்லக் கொல்லி வாய்த்தது. களைக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டது; முதுகில் தோம்பைச் சுமந்து, ஈரப் புடைவையோடு, கிராமாக்சோன் என்று பெயர் பெற்ற பாராகுவாட்டை நாள்தோறும் தெளித்தவர்களுக்கு நகம் கறுத்து உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, மூச்சுத் திணறியது. ஐரின் பெர்னாண்டஸின் தெனாகனிதா போன்ற ஸ்தாபனங்கள் இதைத் தொகுத்து எடுத்துச் சொன்னபின், 2002-இல் அரசாங்கம் தடை விதித்தது. 2006-இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதியில்தான் நடப்புக்கு வந்தது. நஞ்சென்று தெரிந்த ஒன்றை விலக்க இடையில் கழிந்த அந்தப் பதினேழு ஆண்டுகளும் தொழிலாளப் பெண்களின் நுரையீரலில் கழிந்தவை.

அண்மைக் கால நிலையைச் சொல்லும் எண்கள் மனத்தைக் கலக்குகின்றன. 2015-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் நூற்றுக்கு 17.5 பேருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 22.1 பேர், எல்லா இனத்தாரிலும் அதிகம். 2019-இல் நாட்டின் மொத்த விகிதம் 18.3 ஆயிற்று. நம் ஊர்களில் இனிப்பு நீர் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டு, கால் விரலை எடுத்தவரையும் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவரையும் விதியின் பேரால் சமாதானம் செய்துவிடுகிறோம். காய்ச்சலையும் ஒரு காலத்தில் விதியென்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். வாய்க்கால் வெட்டியதும் அந்த விதி மாறியது.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு ஸ்தாபனம், நீடித்த நோயால் வேலை செய்ய இயலாமற் போய் ஊனப் பென்ஷன் கேட்பவர்கள் பெருகுவதைக் கண்டு, 2013 ஜனவரி முதல் 40 வயதை எட்டிய தொழிலாளர்களுக்கு இலவச உடற்பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. சுகாதார அமைச்சு கொஸ்பென் என்னும் சமூக ஆரோக்கியத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு அதைத் தொழிலிடங்களுக்கும் நீட்டித்து, அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை அளக்கவும், உணவகங்களில் சீனியைக் குறைக்கவும், புகைப்பதை நிறுத்தவும் ஊக்கம் தருகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பெக்கா பி40 என்னும் இலவசப் பரிசோதனையும் இருக்கிறது. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை.

ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்லவேண்டும். கொயினா கொடுப்பதும் வாய்க்கால் வெட்டுவதும் ஆஸ்பத்திரி வைப்பதும் முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தால், ஈஜோக் வட்டாரத்தில் பாதித் தோட்டங்களாவது சுடுகாடாகவே இருந்திருக்கும். அன்று சட்டம் கட்டாயப்படுத்தியது. இன்று திட்டங்கள் ஊக்கமளிக்கின்றன. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. அதன் கண் இயந்திரத்தின் மீதும் இரசாயனத்தின் மீதும் பதிந்திருப்பது நியாயந்தான். ஆயினும், இரவு முழுவதும் உட்கார வைக்கும் ஷிப்டும், பதினைந்து நிமிஷத்தில் விழுங்கச் சொல்லும் சாப்பாட்டு வேளையும், பரிசோதனைக்குப் போனால் அந்த நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் கண்ட்ராக்டும் ஒரு மனிதனின் இரத்தக் குழாயைக் கெடுக்கும் காரணங்களில் சேர்ந்தவையல்லவா? ஒரு தொழிலாளியின் நாளில் பாதியை விலைக்கு வாங்கும் நிர்வாகம், அந்தப் பாதியில் அவனுக்கு நேர்வதற்கு உத்தரவாதியாக வேண்டும். தோட்டக் காலத்தில் இந்தத் தர்மத்தை ஒப்புக்கொண்டோம். தோட்டம் போனதும் அதையும் விட்டுவிட்டோம்.

ஆகவே தொழிற்சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும், ஈஜோக்கிலும் புஞ்சாக் ஆலாமிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராக இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1941-இன் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்கொரு முறை சம்பளத்தோடு கூடிய பரிசோதனை நாள், இரவு ஷிப்டுக்காரர்களுக்கு நடக்கவும் நீட்டி நிமிரவும் இடைவேளை, உணவகத்தில் சீனி போடாத தேநீரும் புழுங்கலரிசிச் சோறும், ஒவ்வொரு தொழிலிடத்திலும் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துவைக்கத் தெரிந்த ஒருவர் ஆகியவற்றைச் சம்பள உயர்வுக்கு அடுத்த வரியிலேயே எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இன்று செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளியையும் அந்த வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறாண்டுகளுக்கு முன் நம்முடைய பாட்டன் இருந்த இடத்தில் இன்று அவன் இருக்கிறான். 40 வயதைக் கடந்த வாசகர்களோ சங்கம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்; ஈஜோக்கில் அரசாங்க மருந்தகம் இருக்கிறது, இந்த வாரமே போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.